டேலிக்கு அப்டேட் இருக்கு... வக்கீல் ஃபைலுக்கு?



பி.காம். படிக்கிறவனுக்கு வக்கீல் ஆபீஸ் சாஃப்ட்வேரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாம் படிக்கிற பாடத்தில் பாதி, ஏதோ ஒரு காகிதத்தில் யாரோ கையெழுத்துப் போட்ட பிறகு நடக்கிற விஷயங்கள்தானே? கடன், கூட்டுத் தொழில், வாடகை, செக்... எல்லாமே முதலில் ஒரு பத்திரம், அப்புறம்தான் கணக்கு. அந்தப் பத்திரத்தைத் தயார் செய்கிற சாஃப்ட்வேர் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது என்று நாம் யோசித்ததே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும் :-)

முதலில் நமக்குத் தெரிந்த சாஃப்ட்வேரில் இருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையாக இருந்தாலும் சரி, பனியன் கம்பெனியாக இருந்தாலும் சரி, கணக்கு எழுதுகிற மேஜையில் பெரும்பாலும் டேலி இருக்கும். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தது. வாட், கலால் வரி, சேவை வரி எல்லாம் ஒரே நாளில் ஜிஎஸ்டிக்குள் போனது. பழைய டேலியை வைத்துக்கொண்டு யாராலும் காலம் தள்ள முடியவில்லை. பணம் கட்டினார்களோ, பக்கத்துக் கடைத் தம்பியைக் கூப்பிட்டார்களோ, எப்படியோ புது ரிலீஸுக்கு மாறினார்கள். ஏன்? அடுத்த மாதம் ரிட்டர்ன் போட வேண்டும். வரி விகிதம் தப்பு, ஜிஎஸ்டி எண் தப்பு என்றால் போர்ட்டல் திருப்பி அடிக்கும். இல்லையென்றால் வாங்கினவர் போன் செய்து, "எனக்கு இன்புட் கிரெடிட் வரலை, என்ன பில் போட்டீங்க?" என்று சத்தம் போடுவார். தப்பு செய்தால் ஓரிரு மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

சட்டப் பத்திரத்துக்கு இந்தத் திருப்பி அடிக்கிற ஆள் கிடையாது. முத்திரைத் தாளில் காலாவதியான சட்டத்தின் பெயரை எழுதினாலும் பிரிண்டர் பேசாமல் அச்சடித்துத் தரும். சாட்சி கையெழுத்துப் போடுவார். நோட்டரி முத்திரை வைப்பார். பத்திரம் பீரோவுக்குள் போய்விடும். தப்பு அங்கேயே படுத்துத் தூங்கும். மூன்று வருடம் கழித்து சண்டை வந்து கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து பேசும்போதுதான் அது கண் விழிக்கும். அப்போது பத்திரத்தை டைப் செய்தவருக்கு நஷ்டம் இல்லை, அந்த சாஃப்ட்வேரை விற்றவருக்கும் நஷ்டம் இல்லை. கையெழுத்துப் போட்டவருக்குத்தான்.

அதனால் என் கருத்து இதுதான்: பத்திரம் எழுதுகிற சாஃப்ட்வேருக்கு வருகிற அப்டேட், கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட்டை விடக் கடுமையான கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும். அது சாஃப்ட்வேருக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. கையெழுத்துப் போடுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி காகிதத்திலேயே தெரிய வேண்டும்.

நம்ம ஊர் 'சாஃப்ட்வேர்'

வெளிநாட்டில் பெரிய வக்கீல் நிறுவனங்கள் பத்திரம் தயாரிக்கத் தனி சாஃப்ட்வேர் வைத்திருக்கின்றன. ஹாட்டாக்ஸ் என்று ஒன்று 1990-களில் இருந்தே இருக்கிறது. அது கேள்வி கேட்கும், நாம் பதில் கொடுப்போம், பதிலுக்குத் தகுந்த மாதிரி பத்திரத்தில் வரிகள் சேரும் அல்லது விலகும். சொத்து விற்பவர் மைனரா என்ற கேள்விக்கு ஆமாம் என்றால் கார்டியன் பற்றிய பத்தி தானாக வந்துவிடும்.

நான் பார்த்த ஆபீஸ்களில் சாஃப்ட்வேர் என்பது எம்எஸ் வேர்டும் 'மாடல்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரும்தான். அதற்குள் வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், பவர் பத்திரம், செக் நோட்டீஸ், பார்ட்னர்ஷிப் டீட் என்று வரிசையாக ஃபைல்கள். சீனியரிடம் இருந்து ஜூனியருக்கு, ஜூனியர் தனி ஆபீஸ் போட்டால் பென் டிரைவில் அவரோடு அங்கேயும் போகும். புதுக் கட்சிக்காரர் வந்தால் பழைய ஃபைலைத் திறந்து, 'சேவ் அஸ்' கொடுத்து, பெயர், ஊர், தொகையை மாற்றி பிரிண்ட். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்த முறையில்தான் லட்சக்கணக்கான பத்திரங்கள் தயாராகி, பெரும்பாலானவை பிரச்சனை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இதில் 'அப்டேட்' என்ற பட்டனே கிடையாது. சட்டம் மாறினால் யாராவது ஞாபகம் வைத்து ஃபைலைத் திறந்து திருத்த வேண்டும்.

என் மாமா ஒருவர் பவர் டேபிள் வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிக்கு தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். ஒரு கம்பெனி கொடுத்த செக் திரும்பிவிட்டது. நோட்டீஸ் அனுப்ப வக்கீல் ஆபீஸுக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன். டைப் செய்த அக்கா டிராஃப்ட்டைக் கையில் கொடுத்து, "படிச்சுப் பாரு கண்ணு, பேரெல்லாம் சரியா இருக்கான்னு" என்றார். பெயரெல்லாம் சரி. ஆனால் நான்காவது பத்தியில் கரூரில் இருக்கிற யாரோ ஒரு முன்னாள் கட்சிக்காரரின் ஊர் அப்படியே நின்றது. அதைவிட முக்கியமாக, செக் திரும்பிய தகவல் கிடைத்த 15 நாட்களுக்குள் இந்த நோட்டீஸ் அனுப்பப்படுவதாக ஒரு வரி. வக்கீல் பார்த்ததும் சிரித்துவிட்டு, "இது எங்க சீனியர் காலத்து ஃபைலுங்க தம்பி" என்று இரண்டையும் திருத்திக் கொடுத்தார். நல்ல மனிதர். நோட்டீஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு அந்த 15 நாள்தான் மண்டைக்குள் நின்றது. மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-ன் பிரிவு 138-ல் நோட்டீஸ் அனுப்புவதற்கான காலம் முன்பு 15 நாள். 2002-ல் வந்த திருத்தம் 2003 பிப்ரவரியில் அமலாகி, அது 30 நாள் ஆனது. அப்படியென்றால் இருபது வருடத்துக்கும் முன்னால் செத்துப் போன ஒரு வரி, ஃபோல்டர் ஃபோல்டராகத் தாவி, அனுப்பர்பாளையத்து பவர் டேபிள்காரர் நோட்டீஸில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

எல்லா மாற்றமும் ஒரே மாதிரி இல்லை

"சட்டம் மாறினால் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டால் முடிந்தது" என்று என் நண்பன் ஒருவன் சொன்னான். அப்படி இல்லை. மாற்றத்தில் பல ரகம் இருக்கிறது.

முதல் ரகம், எண் மாறுவது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. சினிமாவில் கூட வந்து வந்து ஊருக்கே மனப்பாடமான 420 இப்போது 318(4). சரி, எல்லா ஃபைலிலும் 420-ஐ எடுத்துவிட்டு 318(4) போட்டுவிடலாமா? கூடாது! ஒருவர் 2024 மே மாதம் ஏமாற்றி, நாம் ஆகஸ்டில் புகார் கொடுத்தால், குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். ஏனென்றால் குற்றம் நடந்த அன்றைக்கு இருந்தது அதுதான். விசாரிக்கிற நடைமுறை மட்டும் புதுச் சட்டப்படி போகும். ஆகவே சாஃப்ட்வேர் கேட்க வேண்டிய கேள்வி 'இன்றைக்கு என்ன தேதி' என்பது அல்ல, 'சம்பவம் நடந்த தேதி என்ன' என்பது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக மாற்றுகிற அப்டேட், அப்டேட் ஆகாத பழைய ஃபைலை விட ஆபத்து.

இரண்டாவது ரகம், வடிவமே மாறுவது. வாட்ஸ்அப் ஆர்டர், இமெயில், சிசிடிவி இவற்றை கோர்ட்டில் கொடுக்க ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65-பி சான்றிதழ். இன்ன இன்ன விவரம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதே தவிர, அச்சடித்த படிவம் எதுவும் சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு ஆபீஸும் தனக்கென்று ஒரு மாடல் வைத்திருந்தது. 2024 ஜூலையில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது பிரிவு 63. இப்போது சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. ஏ பகுதியை ஆவணம் கொடுக்கிறவர் நிரப்ப வேண்டும், பி பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். ஃபைலின் ஹாஷ் மதிப்பு (ஃபைலுக்கு ஒரு கைரேகை மாதிரி) எழுத வேண்டும். பழைய மாடலில் 65-பி என்பதை அழித்து 63 என்று போட்டால் தலைப்பு மட்டும்தான் புதுசு, உள்ளே சரக்கு பழசு. இன்னொரு சிக்கல், 2024 ஜூலைக்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும். ஆக இரண்டு மாடலும் ஃபோல்டரில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது ரகம், சட்டமே போய்விடுவது. தமிழ்நாட்டில் 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பதில் வந்தது 2017-ல் நிறைவேறிய புதிய சட்டம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் என்றால் 11 மாதம், ஒரு முத்திரைத் தாள், இரண்டு சாட்சி. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ம் வருடப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அந்த 11 மாதம். புதுச் சட்டத்தில் 11 மாதம் என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிவதில் இருந்து விடுதலை இல்லை. ஆனால் இந்தப் புது விஷயம் ஒரு வரி கூட இல்லாத ஒப்பந்தங்கள் இன்னும் கையெழுத்தாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

நான்காவது ரகம்தான் திருப்பூர்க்காரர்களை நேரடியாகக் கடிக்கிறது. பத்திரத்தில் இருக்கிற ஒரு நிபந்தனை சட்டப்படி செல்லாது, ஆனால் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஜாப் ஒர்க் ஒப்பந்தங்களில் '90 நாட்கள் கடன்' என்று ஒரு வரி சர்வ சாதாரணம். 2006-ம் வருட எம்எஸ்எம்இடி சட்டத்தின் பிரிவு 15 என்ன சொல்கிறது? பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதினாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. போதாததற்கு 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் 43-பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தது. அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. 2024 மார்ச்சில் ஊரெல்லாம் இதே பேச்சாக இருந்தது ஞாபகம் இருக்கும்.

இப்போது அந்த 90 நாள் வரியைக் கையெழுத்துப் போட்ட பவர் டேபிள்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தச் சட்டப் புத்தகத்தையும் படிக்கப் போவதில்லை. அவருக்குச் சட்டம் என்பது கையில் இருக்கிற அந்தக் காகிதம்தான். காகிதம் 90 நாள் என்றால் அறுபதாவது நாள் போன் செய்யக் கூட அவருக்குக் கூச்சமாக இருக்கும், 'ஒத்துக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டோம்' என்று. தன்னுடைய உரிமை 45-வது நாளிலேயே ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. பழைய மாடல் கோர்ட்டில் தோற்பதை விட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. கோர்ட்டுக்குப் போகாமலே தோற்றுவிடுகிறார்.

இத்தோடு நிற்கவில்லை. 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வரும்படி புதுச் சட்டம் 2025-ல் நிறைவேறியது. அதோடு 43-பி(எச்) என்ற எண்ணும் பழங்கதை. 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21-ல் அமலாயின. வேலைக்குச் சேர்க்கிற உத்தரவு, கான்ட்ராக்ட் லேபர் ஒப்பந்தம், கம்பெனியின் நிலையாணை... எத்தனை மாடல்கள் திறக்கப்பட வேண்டும், யோசியுங்கள்.

ஒரு பூஜ்ஜியம் கூட வேண்டாம், ஒரு இலக்கம் போதும்

"அட, சின்னச் சின்னத் தப்பையெல்லாம் கோர்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளாது" என்பவர்களுக்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று இருக்கிறது. காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கு. திரும்பிய செக் ஒரு கோடி ரூபாய்க்கு. நோட்டீஸில் கேட்டது இரண்டு கோடி. டைப்பிங் பிழை என்று வாதாடினார்கள். பிரிவு 138 நோட்டீஸில் செக்கில் உள்ள தொகையைத்தான் கேட்க வேண்டும், அது மாறினால் நோட்டீஸே செல்லாது, டைப்பிங் பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் போனால் அந்தக் கிரிமினல் வழக்கும் போனது.

இதை நான் ஒரு சாஃப்ட்வேர் பிரச்சனையாகப் பார்க்கிறேன். ஒரு நோட்டீஸில் செக் தொகை நான்கைந்து இடத்தில் வரும். எண்ணில் ஒரு முறை, எழுத்தில் ஒரு முறை, கோரிக்கைப் பத்தியில் ஒரு முறை... 'சேவ் அஸ்' முறையில் ஒவ்வொன்றையும் கையால் மாற்ற வேண்டும். கேள்வி கேட்டு நிரப்புகிற சாஃப்ட்வேரில் தொகையை ஒரே ஒரு முறைதான் அடிப்போம், மற்ற இடத்துக்கெல்லாம் அதுவே போகும். முதல் முறை தப்பாக அடித்தால் எல்லா இடத்திலும் தப்பாகத்தான் வரும், உண்மை. ஆனால் ஒரு இடத்தைச் சரிபார்ப்பது ஐந்து இடத்தைச் சரிபார்ப்பதை விடச் சுலபம் இல்லையா? டேலியில் ஒரு வவுச்சர் போட்டால் லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் எல்லாம் தானாக மாறுகிறதே, அதே தத்துவம்தான்.

ஃபான்ட் என்னும் பூதம்

தமிழ்ப் பத்திரங்களுக்குக் கூடுதலாக ஒரு வியாதி உண்டு. பழைய மாடல்கள் பல வானவில், பாமினி, ஸ்ரீலிபி மாதிரி எழுத்துருக்களில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும், கம்ப்யூட்டருக்குள் அது ஆங்கில எழுத்துக் குப்பை. ஃபோல்டர் முழுக்க '1960' என்ற சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடி 'வாடகைக் கட்டுப்பாடு' என்று யூனிகோடில் அடித்தால் ஒன்றும் சிக்காது. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்று தரம் அறிவித்தது, 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்தது. அறிவித்து இத்தனை வருடம் ஆகியும் ஃபோல்டர்கள் மாறவில்லை. தேட முடியாததைத் திருத்தவும் முடியாது. ஆகவே தமிழ் மாடல்களுக்கு முதல் அப்டேட், சட்டம் அல்ல, யூனிகோடு.

அரசு செய்த பாதி வேலை

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 திட்டம் 2018 பிப்ரவரி 12-ல் தொடங்கியது. பத்திர எழுத்தர், வக்கீல் மட்டும் இல்லை, பொதுமக்களே டிஎன்ரெஜிநெட் தளத்தில் விவரம் நிரப்பித் தங்கள் ஆவணத்தைத் தயாரிக்கலாம். இதில் ஒரு பெரிய நன்மை, மாடல் நம் பென் டிரைவில் இல்லை, துறையின் சர்வரில் இருக்கிறது. அங்கே ஒரு முறை திருத்தினால் கன்னியாகுமரியில் இருந்து திருத்தணி வரை எல்லோருக்கும் அன்றைக்கே புதுசு. பென் டிரைவ் மாடலால் கனவிலும் முடியாத விஷயம் இது.

குறையும் உண்டு. அது பதிவுக்குப் போகிற ஆவணங்களுக்கு மட்டும். செக் நோட்டீஸ், ஜாப் ஒர்க் ஒப்பந்தம் எல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. இன்னொன்று, சர்வரில் இருக்கிற படிவம் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எதில் மாறியது, ஏன் மாறியது என்று கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தக் காகிதம் சொல்வதில்லை.

எதிர்க் கேள்விகள்

ஒன்று, "வக்கீலுக்குச் சட்டம் தெரியாதா, உனக்கென்ன கவலை?" தெரியும். நான் பார்த்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்தார். ஆனால் சட்டம் தெரிந்தவர் வக்கீல், டைப் ஆனது ஃபைல். ஒரு நாளைக்கு இருபது நோட்டீஸ் போகிற ஆபீஸில் எல்லா வரியையும் அவர் கண் பார்க்கும் என்பது வேண்டுதல், ஏற்பாடு அல்ல. நாம் ஆடிட்டிங் பாடத்தில் படித்த இன்டர்னல் செக் எதற்கு? ஆட்கள் கெட்டவர்கள் என்பதற்கா? இல்லை, ஆட்கள் அசந்துபோவார்கள் என்பதற்கு.

இரண்டு, "செலவு." இதுதான் நிஜமான எதிர்ப்பு. வருடா வருடம் சந்தா கட்டுகிற சாஃப்ட்வேரை புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு வக்கீல் வாங்க முடியாது. வாங்கினால் அந்தச் செலவு நோட்டீஸ் ஃபீஸில் ஏறும், கடைசியில் என் மாமா தலையில் விழும். அதனால்தான் இதைத் தனியார் கையில் மட்டும் விடக் கூடாது என்கிறேன். ஊரில் அதிகம் புழங்குகிற முப்பது, நாற்பது மாடல்களையாவது பார் கவுன்சிலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும், சட்டப் பல்கலைக்கழகமும் சேர்ந்து யூனிகோடு தமிழில் இலவசமாகப் போடலாம். சட்டம் மாறுகிற அன்றைக்கு அதைத் திருத்துவது சட்ட மாணவர்களுக்கு நல்ல புராஜெக்ட் வேலை கூட.

மூன்று, "இனி எல்லாம் ஏஐ எழுதிவிடும்." இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. 2023-ல் நியூயார்க்கில் வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டி, நீதிபதியிடம் 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். ஏஐ கண்ட மாடல்களில் பாதி நம் பென் டிரைவ் மாடல்களைப் போலப் பழசாகத்தானே இருக்கும்? பழைய ஃபைலாவது கிழவர் மாதிரி, பார்த்தவுடன் வயது தெரியும். ஏஐ எழுதியது இளந்தாரி மாதிரி பளபளவென்று இருக்கும், உள்ளே 1960-ம் வருடச் சட்டம் இருந்தாலும் தெரியாது. பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் தேதிச் சட்டத்தை வைத்து எழுதினாய் என்ற கேள்விக்கு அதனிடமும் பதில் வாங்கியாக வேண்டும்.

நான் கேட்பது

பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கே விஷயம்.

1. ஒவ்வொரு மாடலின் அடியிலும் ஒரு வரி: 'இந்த மாதிரி கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி இது'. மருந்துப் பாட்டிலில் காலாவதி தேதி பார்க்கப் பழகின ஜனங்கள் நாம். பத்திரத்திலும் பார்க்கப் பழகுவோம்.

2. சட்டம் மாறினால் சாஃப்ட்வேர் தானாக எதையும் மாற்றக் கூடாது. சம்பவம் நடந்த தேதியைக் கேட்டு, பழசா புதுசா என்று வக்கீலிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் மாற்ற வேண்டும்.

3. பெயர், தொகை, தேதி எல்லாம் ஒரே ஒரு முறை மட்டும் அடிக்கிற வசதி. முந்தின கட்சிக்காரரின் மிச்சம் மீதி எதுவும் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது.

4. கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒரு பக்கம், பேச்சுத் தமிழில். நீங்கள் என்ன ஒத்துக்கொள்கிறீர்கள், எத்தனை நாள் கெடு, இந்தப் பத்திரத்தில் இருந்தாலும் சட்டப்படி செல்லாதது எது என்று.

கடைசி விஷயத்துக்கு வக்கீல்கள் முகம் சுளிக்கலாம். "எல்லாத்தையும் சொல்லிட்டா எங்ககிட்ட யாருங்க வருவாங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். ஜிஎஸ்டி போர்ட்டல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதனால் ஆடிட்டர் ஆபீஸில் கூட்டம் குறைந்ததா? விவரம் தெரிந்த கட்சிக்காரர் நல்ல கேள்வியோடு வருவார், அவ்வளவுதான்.

இதெல்லாம் நடக்கும் வரை நம்மால் செய்ய முடிவது ஒன்று உண்டு. நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஏதாவது ஒரு தொழில் இருக்கிறது. பட்டறையோ, செக்கிங் யூனிட்டோ, மளிகைக் கடையோ. இந்த வாரம் வீட்டு பீரோவைத் திறந்து வாடகை ஒப்பந்தம் ஒன்றையும் ஜாப் ஒர்க் ஒப்பந்தம் ஒன்றையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் 1960 என்ற எண் இருக்கிறதா? ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தில் 45-க்கு மேல் நாள் எழுதியிருக்கிறதா? உத்யம் பதிவு எண் எங்காவது இருக்கிறதா? இருந்ததையும் இல்லாததையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடுத்த முறை அப்பா வக்கீல் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவர் சட்டைப் பையில் வைத்து விடுங்கள்.